இறப்பருக்கு அரிசி: வல்லரசுப் போட்டியும் சபரகமுவத் தோட்டங்களும்

சபரகமுவ என்றவுடன் எமது மாணவர்க்கு நினைவில் வருவன இரத்தினபுரியின் மாணிக்கக் கற்களும் சிவனொளிபாத மலையுமே ஆகும். களனி கங்கையும் களு கங்கையும் பாயும் அம்மாகாணத்தின் குன்றுகளை மூடி நிற்கும் இறப்பர்க் காடுகள் எவர் கவனத்தையும் அவ்வளவாக ஈர்ப்பதில்லை. நுவரெலியாவின் தேயிலைச் சரிவுகளைப் போல அவை படம் பிடிப்பதற்கு உகந்தவையாகக் கருதப்படவில்லை. ஆயினும், வெயில் புகாத அந்நிழலில் விடியற்காலையில் மரப்பட்டையைச் சீவிச் சிரட்டையிற் பால் வடியவிட்ட தொழிலாளரின் உழைப்பு, இருபதாம் நூற்றாண்டில் ஒருமுறையன்று, பலமுறை, இலண்டனிலும் வாஷிங்டனிலும் பீக்கிங்கிலும் அமைச்சரவைகளின் கவலைக்குரிய பொருளாயிற்று. 1952 ஆம் ஆண்டின் இறப்பர் அரிசி உடன்படிக்கை பற்றி எழுதியோர் பலர். அவர்கள் பெரும்பாலும் தலைநகரங்களில் நின்றே அதனை நோக்கினர். யாம் அதனைத் தோட்டத்து லயத்தில் நின்று நோக்க முயல்வோம்.

வல்லரசுகளின் நாட்டம் இம்மாகாணத்தின்மேல் விழுந்தது இறப்பரால் மட்டுமன்று. கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கத்திலிருந்து எடுக்கப்பட்ட காரீயம், உலோகம் உருக்கும் மூசைகள் செய்வதற்கு இன்றியமையாததாய் விளங்கியது. முதலாம் உலகப் போரின்போது வெடிகுண்டுத் தொழிற்சாலைகள் அதனை நாடி நின்றன. இன்னொரு செய்தி வியப்புக்குரியது. கலாயோகி எனப் பின்னாளிற் போற்றப்பட்ட ஆனந்த குமாரசுவாமி, இளமையில் இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் தலைவராய்ப் பணியாற்றினார். 1904 ஆம் ஆண்டளவில் பலாங்கொடைப் பகுதியின் ஆற்றுப்படிவுகளிற் கிடைத்த கரிய, கனத்த கனிப்பொருள் ஒன்று அவர் கைக்கு வந்தது. அது தோரியமும் யுரேனியமும் செறிந்த புதிய கனிப்பொருள் என்பது இலண்டனிற் செய்த ஆய்வினாற் புலனாயிற்று. தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. அக்கனிப்பொருளை ஆராய்ந்துகொண்டிருந்த ஒற்றோ ஹான் என்னும் இளைஞரே 1905 இல் கதிர்த்தோரியத்தைக் கண்டறிந்தார். அவரே 1938 இல் பெர்லினில் யுரேனிய அணு பிளவுறுவதைக் கண்டவர். அணுச்சக்தியின் வரலாற்று ஏட்டில் பலாங்கொடைக்கும் ஒரு வரி உண்டு என்பதை எம் விஞ்ஞான மாணவர் அறிந்திருத்தல் நன்று. ஆயின் தோரியனைற்று மிகச் சிறிதளவே கிடைத்தது. நாட்டின் தலைவிதியோடு பிணைந்தது இறப்பரே.

பிரேசிலிலிருந்து இலண்டன் கியூத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட விதைகளின் கன்றுகள் 1876 ஆம் ஆண்டில் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. முப்பது ஆண்டுகளுள் மோட்டார் வண்டியின் வரவு அம்மரத்தைப் பொன் காய்க்கும் மரமாக்கிற்று. மழை மிகுந்ததும் உயரம் குறைந்ததுமான கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் அதற்கு ஏற்ற நிலமாயின. கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக யட்டியந்தோட்டைக்கு 1903 இலும், இரத்தினபுரிக்கு 1912 இலும், ஓப்பநாயக்கவுக்கு 1919 இலும் ஒடுங்கிய இருப்புப்பாதை சென்றடைந்தது. அப்பாதை வழியாகவே இறப்பர் துறைமுகத்துக்கு இறங்கிற்று. அரிசி மூடைகள் தோட்டங்களுக்கு ஏறின. தோட்டங்களிற் குடியிருந்து உழைத்தோரிற் பெருந்தொகையினர் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் மூலம் வந்தவர்களும் அவர்களின் மக்களும் ஆவர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் போலன்றி, இங்கே அயற் கிராமத்துச் சிங்கள மக்களும் கணிசமான தொகையிற் பால் வெட்டினர். இவ்வேறுபாட்டைப் பின்னர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இறப்பர் விலை வெறும் வணிகரின் பேரத்தால் நிர்ணயிக்கப்பட்ட காலம் மிகக் குறுகியது. முதற்போரின் பின்னர் விலை வீழ்ந்தபோது பிரித்தானியா தன் குடியேற்ற நாடுகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த 1922 இல் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொணர்ந்தது. மலாயாவும் இலங்கையும் அதற்குட்பட்டன. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகள் சேரவில்லை. உலக இறப்பரின் பெரும்பகுதியை வாங்கிய நாடு அமெரிக்கா. ஆதலின் அத்திட்டம் தன் மோட்டார்த் தொழிலின்மீது விதித்த வரியெனவே அந்நாடு அதனைக் கருதியது. வர்த்தகச் செயலாளராயிருந்த ஹேர்பேட் ஹூவர் வெளிப்படையாகவே கண்டித்தார். பயர்ஸ்ரோன் லைபீரியாவிலும் போட் பிரேசிலிலும் சொந்தத் தோட்டங்களை நிறுவ முயன்றனர். 1928 இல் திட்டம் கைவிடப்பட்டது. 1934 இல் ஒல்லாந்தரையும் சேர்த்துக்கொண்டு சர்வதேசக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. இரண்டாம் போர் மூளும் தறுவாயில், 1939 யூன் மாதத்தில், அமெரிக்கப் பருத்திக்குப் பிரித்தானிய இறப்பரைப் பண்டமாற்றுச் செய்யும் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளின் பின் இலங்கை இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கியபோது அது சர்வதேச முறைக்கு மாறானது என்று குறைகூறியோர் இவ்வொப்பந்தத்தை மறந்துவிட்டனர் போலும்.

1942 பெப்புருவரி 15 ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் கையிழந்துபோக, உலகின் இயற்கை இறப்பரில் பத்தில் ஒன்பது பங்கு எதிரியின் வசமாயிற்று. விமானத்தின் சில்லுக்கும் இராணுவ வண்டியின் ரயருக்கும் இறப்பர் வேண்டும். எண்ணெய் எவ்வளவு இருந்தாலும் சில்லின்றி வண்டி நகராது. அவ்வேளையில் நேசநாடுகளின் கையில் எஞ்சிய பெரிய தோட்ட உற்பத்தி நாடு இலங்கை ஒன்றே. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,00,000 தொன் விளைவித்த இச்சிறு தீவு திடீரென உலகப்போரின் களஞ்சியமாயிற்று. ஏப்பிறில் 5 ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையைத் தாக்கின.

அப்போது மரங்களுக்கு நேர்ந்ததைச் சிறிது விரித்துரைத்தல் தகும். இறப்பர் மரத்தின் பட்டையை ஒருநாள் விட்டு ஒருநாள், மரச்சுற்றில் அரைப்பங்களவில், பட்டையின் தடிப்பு அறிந்து மெல்லியதாகச் சீவுதல் வேண்டும். கத்தி ஆழ்ந்து மரத்தைத் தொட்டாற் பட்டை மீள வளரும்போது முடிச்சு விழும். பின்னர் அவ்விடத்தில் வெட்ட இயலாது. நல்ல வெட்டுக்காரரின் கையில் ஒரு மரம் முப்பது ஆண்டு பால் தரும். போர்க்காலத்திலோ முதிர்ந்த மரங்களை இரண்டு மூன்று இடங்களில், ஏணி வைத்து உயரத்திலும், ஓய்வின்றி வெட்டிப் பாலை முற்றாக எடுத்துவிடுமாறு அரசாங்கம் ஊக்குவித்தது. மரத்தைக் கொன்று பால் எடுக்கும் இம்முறை அழிப்பு வெட்டு எனப்பட்டது. இருபதாண்டுக்கு வரவேண்டிய பால் நான்காண்டில் வற்றியது. பட்டை தீர்ந்த மரங்கள் போரின் பின்னரும் நின்றன. ஆயின் பயன் இல்லை. ஐம்பதுகளில் இலங்கை இறப்பரின் உற்பத்திச் செலவு மலாயாவிலும் உயர்ந்து நின்றமைக்கு மரங்கள் கிழடாகிப் போனதே ஒரு காரணம். வெற்றி பெற்ற வல்லரசுகள் இதற்கு ஈடு தரவேண்டும் எனக் கொழும்பு வாதிட்டதில் நியாயம் உண்டு. அதே 1942 இல் அவிசாவளைக்கும் யட்டியந்தோட்டைக்கும் இடையிலான இருப்புப்பாதையும் போர்த்தேவைக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. அது மீண்டும் போடப்படவேயில்லை.

மரம் இருந்தது, விலை இருந்தது, வெட்டுவதற்குக் கைகள் போதவில்லை. இந்திய அரசாங்கம் 1939 ஓகஸ்டு முதலாக இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்திருந்தது. 1943 இல் போர்த்தேவையைக் காட்டி இறப்பர்த் தோட்டங்களுக்கு மேலும் ஆட்களை அனுப்புமாறு இலங்கை கேட்டது. செல்வோர்க்கும் முன்னரே சென்றோர்க்கும் சமவுரிமை வேண்டும் என்றது இந்தியா. அந்நிபந்தனையை இலங்கை அமைச்சர்கள் ஏற்கவில்லை. பால் வேண்டும், வெட்டும் கை வேண்டும், கைக்குரிய மனிதன் குடியாக வேண்டா என்னும் நிலைப்பாடு இவ்விடத்திலேயே தெளிவாக வெளிப்பட்டதாக யாம் கருதுகிறோம்.

போர் முடிந்த அடுத்த ஆண்டே அது கேகாலை மாவட்டத்தில் நேரடிச் செயலாயிற்று. உருளவள்ளி எனத் தொழிலாளர் வழங்கும் நேவ்ஸ்மயர்த் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் சுவீகரித்து, அங்கு குடியிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறப் பணித்தது. காணியற்ற கிராமத்தவர்க்குக் காணி வேண்டும் என்பதும் மறுக்கவியலாத தேவையே. ஆயின் அத்தேவையை நிறைவேற்றத் தேர்ந்தெடுக்கப்பட்ட வழி மற்றோர் ஏழையின் லயத்தை வெறுமையாக்குவதாயிற்று. தொழிலாளர் வெளியேற மறுத்தனர். அத்துமீறல் குற்றம் சாட்டப்பட்டது. இலங்கை இந்தியன் காங்கிரசு 1946 இல் அப்பகுதித் தோட்டங்களிற் பெரும் வேலைநிறுத்தம் நடத்தியது. வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தொழிலாளியின் முதன்மை நோக்கம் தன் குடியிருப்பில் தொடர்ந்து வாழ்வதேயன்றிப் பிறரைத் தொந்தரவு செய்வதன்று, ஆகவே அது குற்றவியல் அத்துமீறல் ஆகாது என 1950 இல் அங்கு தீர்ப்பாயிற்று. இலண்டனில் வழக்கு வென்றது. அதற்குள் கொழும்பிற் சட்டங்களே மாறிவிட்டன. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949 இன் இந்திய பாகிஸ்தானியர் வதிவுச் சட்டமும், அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராயும் வாக்கற்றவராயும் ஆக்கின.

இந்நிலையிலேயே 1950 யூன் மாதத்திற் கொரியாப் போர் மூண்டது. இறப்பர் விலை வானளாவிற்று. ஆயின் அமெரிக்க அரசாங்கம் தனியார் கொள்முதலை நிறுத்தித் தானே ஒற்றைக் கொள்வனவாளராய் நின்றது. போர்க்காலத்தில் நிறுவிய செயற்கை இறப்பர்த் தொழிற்சாலைகளையும் மீண்டும் இயக்கியது. செயற்கை இறப்பர் பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்து பெறப்படுவது. இனி அமெரிக்க எண்ணெய்க் கிணறும் தெரணியகலை இறப்பர் மரமும் ஒரே சந்தையிற் போட்டியிடவேண்டியதாயிற்று. 1951 இன் தொடக்கத்தில் உச்சியைத் தொட்ட விலை பின்னர் சரிந்தது. மறுபுறம் அரிசி விலையோ ஏறிக்கொண்டே சென்றது. பர்மாவும் தாய்லாந்தும் விற்ற அரிசிக்கு ஆசியா முழுவதும் போட்டி. உணவுக்கு அரிசியை இறக்குமதி செய்து, அதற்குரிய பணத்தைத் தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்களால் ஈட்டிய இலங்கைக்கு இது இரட்டை அடியாயிற்று.

சீனத்துக்கு இறப்பர் வேண்டும். 1951 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, சீனத்துக்குப் போர் முக்கியத்துவம் வாய்ந்த பொருள்களை விற்கலாகாது எனத் தீர்மானித்தமையால் மலாயா இறப்பர் அதற்குக் கிட்டவில்லை. இலங்கையோ அப்போது ஐக்கிய நாடுகளின் உறுப்பு நாடன்று. சோவியத்து ஒன்றியத்தின் மறுப்புரிமையால் அதன் விண்ணப்பம் தடைப்பட்டு, 1955 டிசெம்பரிலேயே அனுமதி கிடைத்தது. சோவியத்தின் தடையே சீனத்துக்கு இறப்பர் கிடைக்க வாயிலைத் திறந்துவைத்தது. வரலாற்றில் இத்தகைய முரண்நகைகள் அரியன அல்ல.

சீனத்துக்கு முதற் கப்பல்கள் சென்றவுடன் அமெரிக்கா கந்தக விற்பனைக்கு அனுமதி மறுத்தது. கந்தகத்துக்கும் இறப்பருக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். இறப்பர் மரத்தின் இளந்தளிரிற் சாம்பல் பூத்தாற்போற் படரும் ஓயிடியம் என்னும் பூஞ்சண நோய்க்குக் கந்தகத்தூளே மருந்து. இலை துளிர்க்கும் பருவத்தில் அதனைத் தூவாவிடிற் தளிர் உதிர்ந்து பால் குறையும். பீக்கிங்கை நோக்கி எடுத்த நடவடிக்கை, யட்டியந்தோட்டையின் தளிர்களைச் சென்று தாக்குவதாயிருந்தது. 1951 ஒக்டோபரில் நிறைவேறிய பற்றில் சட்டம், கம்யூனிச நாடுகளுக்குத் தடைசெய்த பொருள்களை விற்கும் நாட்டுக்கு அமெரிக்க உதவி இல்லை என விதித்தது.

கொழும்பு அரசாங்கம் இடதுசாரி அரசாங்கமன்று என்பதை இங்கே வற்புறுத்த வேண்டும். 1952 மார்ச்சு 22 ஆந் திகதி டி. எஸ். சேனநாயக்கா காலமானார். அவருடைய மகன் டட்லி சேனநாயக்கா பிரதமரானார். திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் பிரித்தானியப் படைத்தளங்கள் இருந்தன. ஐக்கிய தேசியக் கட்சியின் அமைச்சர்கள் கம்யூனிசத்தை வெறுத்தவர்கள். அவர்கள் முதலில் வாஷிங்டனையே நாடினர். சர் ஒலிவர் குணதிலக்கா அங்கு சென்றார். இறப்பருக்கு உயர்ந்த விலையும் அரிசிக்கு நியாய விலையும் என்பதே கோரிக்கை. சந்தை விலைக்கு மேலே செல்ல அமெரிக்கா இணங்கவில்லை. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங்குக்குச் சென்று, ஒக்டோபர் மாதத்தில் 80,000 தொன் அரிசி வாங்க உடன்பட்டார். டிசெம்பர் 18 ஆந் திகதி ஐந்தாண்டு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் சீனம் 2,70,000 மெற்றிக் தொன் அரிசி தரும். இலங்கை 50,000 மெற்றிக் தொன் சீற் இறப்பர் தரும். நாட்டின் இறப்பர் விளைவில் ஏறத்தாழ அரைப்பங்கு அது. இறப்பருக்குச் சீனம் கொடுத்த விலை சந்தை விலையிலும் கணிசமாக மேலானது. தூதரகத் தொடர்பே இல்லாத நாட்டுடன் இத்தகைய உடன்படிக்கை செய்வதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவைப் பாராட்டாதிருத்தல் முறையன்று. பின்னர் பிரதமரான சர் ஜோன் கொத்தலாவலை 1955 இல் பாண்டுங்கு மாநாட்டிற் கம்யூனிசத்தைக் கடுமையாகச் சாடிய காலத்திலும் இறப்பர்க் கப்பல்கள் தவறாது சென்றுகொண்டேயிருந்தன.

இனி லயத்துக்கு வருவோம். அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் தோட்டத் தமிழரிற் பெரும்பாலார்க்கு வாக்கில்லை. 1947 இல் இலங்கை இந்தியன் காங்கிரசு ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. 1952 இல் ஒன்றுமில்லை. ஏப்பிறில் இறுதியில் அக்கட்சியினர் தொண்டமான் தலைமையிற் கொழும்பிற் சத்தியாக்கிரகம் தொடங்கினர். அது மாதக்கணக்கில் நீண்டது. அதே வேளையில் அரசாங்கம் இறப்பரை எங்கே விற்பது, அரிசியை எங்கே வாங்குவது என ஆலோசித்துக்கொண்டிருந்தது. விடியுமுன் பிரட்டுக் களத்திற் பெயர் கொடுத்து, பால் வெட்டி, வாளியிற் சுமந்து, உறைகூட்டி, உருளையிலிட்டுத் தகடாக்கி, புகைவீட்டிற் காயவைத்து அனுப்பியவன் எவனோ, அவனே பங்கீட்டு அரிசியைச் சமைத்து உண்டவன். கிராமத்தவனுக்கு ஒரு காணித்துண்டோ பலாமரமோ இருக்கலாம்; தோட்டத் தொழிலாளிக்கு வாங்கிய அரிசியன்றி வேறு வாழ்வில்லை. உடன்படிக்கையின் இரு தலைப்புகளும் ஒரே லயத்து அறையில் வந்து சந்தித்தன. கொடுத்ததும் அவன் பொருள்; பெற்றதும் அவன் சோறு. அவ்விரண்டையும் பற்றிப் பேசிய பாராளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பும் உரிமை மட்டும் அவனுக்கில்லை.

உயர்ந்த விலையால் நன்மை பெற்றோர் யார் என்பது நுணுகி ஆராயத்தக்கது. உடன்படிக்கை குறித்தது சீற் இறப்பரை. தொழிற்சாலை வசதியுள்ள பெருந்தோட்டங்கள் வெண்ணிறக் கிறேப் இறப்பரையே அதிகம் செய்தன. சீற் இறப்பர் பெரும்பாலும் சிறு தோட்டக்காரரின் பொருள். ஆகவே விலையின் மேலதிகம் கேகாலை, இரத்தினபுரிக் கிராமங்களின் சிற்றுடைமையாளர்க்கும் நடுத்தரத் தோட்ட முதலாளிகளுக்கும் கூடுதலாகச் சென்றது. அவர்கள் வாக்காளர். இதனைச் சூழ்ச்சியென யாம் கூறவில்லை. சிறு விவசாயி வாழ்ந்தது நன்றே. ஆயின் வாக்கு உள்ளவன் பக்கம் நன்மை ஒழுகிச் செல்வது அரசியலின் இயல்பு என்பதற்கு இது தக்க சான்று. அரிசி நெருக்கடியும் உடன்படிக்கையால் உடனே தீர்ந்துவிடவில்லை. 1953 இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது; ஓகஸ்டு 12 ஆந் திகதி ஹர்த்தால் நடந்தது; ஒக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

கொரியாப் போர் ஓய்ந்தபின் இறப்பரின் மதிப்பும் மாறியது. 1956 இல் அமெரிக்கா விதிவிலக்களித்து இலங்கைக்கு உதவி வழங்க முன்வந்தது. 1957 இன் தொடக்கத்திற் சீனப் பிரதமர் சூ என்லாய் கொழும்புக்கு வந்தார். தூதரகத் தொடர்பும் ஏற்பட்டது. அவ்வாண்டு உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டபோது சந்தைக்கு மேலான விலை நீங்கிற்று. அதற்கு ஈடாக இறப்பர் மீள்நடுகைக்கெனச் சீனம் 7 1/2 கோடி ரூபா உதவி தர இணங்கியது. போரில் ஆங்கிலேயருக்காகப் பால் வற்றிய மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டு, சீனத்தின் உதவியோடு புதிய ஒட்டுக்கன்றுகள் நடப்பட்டன. உடன்படிக்கை பலமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது.

அடுத்த மோதல் நேராக எண்ணெயைப் பற்றியதே. ஷெல், எஸ்ஸோ, கல்ரெக்ஸ் என்னும் மேனாட்டுக் கம்பனிகளே இலங்கையின் எண்ணெய் வணிகத்தை நடத்திவந்தன. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசாங்கம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. அது சோவியத்து ஒன்றியத்திலிருந்து மலிவான எண்ணெயை வாங்கியது. கம்பனிகளின் சொத்துகளையும் பொறுப்பேற்றது. நட்டஈடு தாமதித்தமையால் 1963 பெப்புருவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஹிக்கன்லூப்பர் திருத்தம் முதன்முதலாகப் பிரயோகிக்கப்பட்டது இச்சிறு தீவின்மீதே. 1965 இல் வந்த புதிய அரசாங்கம் நட்டஈட்டுக்கு உடன்பட்டது. லயத்து அறையில் எரிந்த மண்ணெண்ணெய் விளக்குக்கு இப்போது வேறொரு வல்லரசின் எண்ணெய். அவ்விளக்கின் கீழிருந்தவரின் விதியோ 1964 ஒக்டோபரில் தீர்மானிக்கப்பட்டது: சிறிமா சாத்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டன. இறப்பரும் அரிசியும் தொன் கணக்கிற் பங்கிடப்பட்டது போலவே மனிதரும் தலைக் கணக்கிற் பங்கிடப்பட்டனர்.

பிற்காலத்தை விரைந்து கூறுவோம். 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 இலும், 1981 ஓகஸ்டிலும், 1983 இலும் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளிலும் அயலிலும் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். பலர் வவுனியாப் பக்கம் சென்று குடியேறினர். அவர்களின் மக்களுட் சிலர் வடபுலத்துக் கல்லூரிகளிற் பயின்றோர். நாடற்றோராய் எஞ்சியோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. உருளவள்ளியிலிருந்து கணக்கிட்டால் ஐம்பத்தேழு ஆண்டுகள்.

வல்லரசுகளின் நாட்டம் ஓயவில்லை. பொருள் மட்டும் மாறியிருக்கிறது. இப்போது நோக்கப்படுவது சபரகமுவவின் மரத்தைக் காட்டிலும் அதன் நீர். பலாங்கொடைக்கு அண்மையில் வளவை ஆற்றை மறித்த சமனலவெவ நீர்மின் நிலையம் யப்பானிய, பிரித்தானிய நிதியோடு 1992 இல் நிறைவுற்றது. கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையில், களனி கங்கையின்மேல், 35 மெகாவாற்று வலுவுள்ள புரோட்லண்ட்ஸ் நிலையத்தைக் கட்டியது சீன நிறுவனம். யப்பானியரின் போர்க்காலப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படம் அவ்வூரிலேயே ஐம்பதுகளிற் படமாக்கப்பட்டது என்பது எம் முதியோர்க்கு நினைவிருக்கும்.

பண்டமாற்றும் மறையவில்லை. 1969 இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய எண்ணெய்க்கென அமைக்கப்பட்டது. ஈரான்மீது அமெரிக்கா விதித்த தடைகளால் அந்நாட்டிடம் வாங்கிய எண்ணெய்க்குரிய 25 கோடி டொலருக்கு மேற்பட்ட கடனைச் செலுத்த வழியின்றி நின்ற இலங்கை, 2021 டிசெம்பரில், மாதந்தோறும் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையைக் கொடுத்து அதனைத் தீர்ப்பதாக உடன்பட்டது. மேற்காசிய மக்கள் விரும்பி அருந்துவது செறிந்த நிறமுடைய தாழ்நிலத் தேயிலை. அது விளையும் முதன்மையான நிலங்களுள் இரத்தினபுரி மாவட்டம் ஒன்று. இறக்குவானையிலும் பெல்மதுளையிலும் கொழுந்து பறிப்போர், ஈரான் எண்ணெய்க்கு உழைப்பவராயினர். கொழுந்தை உலர்த்தும் தொழிற்சாலை அடுப்புகள் பலவற்றில் எரிவது எண்ணெயன்று; பால் வற்றி வெட்டப்பட்ட இறப்பர் மரத்தின் விறகே.